ஓட்டு போடுங்கன்னு கோலம் போடுவோம், லீடரை மட்டும் ஹெச்.ஓ.டி. போடுவார்

ஜனவரி 25 வந்துட்டா எங்க காலேஜ்ல என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பசங்கள கையில பிடிக்க முடியாது. தேசிய வாக்காளர் தினம், 2011ல இருந்து வருஷா வருஷம் நடக்குது. மெயின் பிளாக் வாசல்ல மை வெச்ச விரல் படம் போட்டு பெரிய கோலம், ஸ்லோகன் போட்டி, ஒரு ரேலி, கடைசியா எல்லாரும் வெயில்ல வரிசையா நின்னு கைய நீட்டி உறுதிமொழி எடுக்கணும். மதம், ஜாதி, மொழி, வேற எந்தத் தூண்டுதலுக்கும் ஆளாகாம ஓட்டு போடுவோம்னு சத்தமா சொல்லுவோம். சொல்லி முடிச்சு கிளாஸுக்குப் போனா அங்க கிளாஸ் ரெப் யாருன்னு போர்டுல ஏற்கனவே எழுதி இருக்கும். போன செமஸ்டர்ல யார் ஃபர்ஸ்ட்டோ அவங்க. காலேஜ் அளவுல ஸ்டூடண்ட் கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பேட்ஜ், பதவியேற்பு விழா, சீஃப் கெஸ்ட் எல்லாம் உண்டு, தேர்தல் மட்டும் கிடையாது, டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்ட்டா பேரு வாங்கி பிரின்சிபால் ரூம்ல முடிவு ஆயிடும்.

சேரும்போதே ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க. எந்தப் போராட்டத்துலயும் அரசியல் நடவடிக்கையிலும் கலந்துக்க மாட்டேன்னு. எனக்குக் கீழ எங்க அப்பாவும் கையெழுத்துப் போட்டார், அவர் படிச்சுப் பார்க்கவே இல்ல, ராகிங் ஃபார்ம்னு நெனச்சுக்கிட்டார். எம்பியைத் தேர்ந்தெடுக்குற அளவுக்கு எங்களுக்கு புத்தி இருக்காம், கிளாஸ் ரெப்பைத் தேர்ந்தெடுக்க இல்லையாம். இத எந்த சார்கிட்டயாவது கேட்டா சிரிச்சுட்டு "படிக்கிற வேலையப் பாரும்மா"ன்னு போயிடுவாங்க.

சரி, பசங்க என்ன நெனைக்கிறாங்கன்னு பார்த்தா அது ஒரு தனிக் கதை. இந்தக் கால பசங்களுக்கு அரசியல் ஆர்வமே இல்லன்னு டிவில உக்காந்து சொல்றவங்க எங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒரு நாள் ராத்திரி வரணும். 2024 பிப்ரவரில விஜய் கட்சி ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் நியூஸே பார்க்காத பொண்ணுங்க கூட தட்டைக் கழுவாம உக்காந்து பேசுறாங்க. திமுக குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி, அதிமுக வீட்டுல இருந்து வந்தவ ஒருத்தி, அண்ணன் நாம் தமிழர்ல இருக்குறதால அந்த வசனம் எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்குறவ ஒருத்தி. சண்டையெல்லாம் நல்லாவே நடக்கும். ஆனா பேச்சு முழுக்க யார் சிஎம் ஆவாங்க, யார் யாரோட சேருவாங்க, இதுதான். ஹாஸ்டல்ல ராத்திரி ஏழு மணிக்கு கேட் பூட்டுறாங்களே, பாய்ஸ் ஹாஸ்டலுக்கு மட்டும் ஒன்பதரையாமே, இத யார் முடிவு பண்ணா, யார்கிட்ட போய் பேசணும்னு கேட்டா அது அரசியல்னே யாருக்கும் தோணல. அது "ரூல்ஸ்".

என் ரூம்மேட் கவர்மெண்ட் வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பரீட்சைக்கு படிக்கிறா. அரசியலமைப்புல எந்த ஆர்ட்டிகிள்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. 243ஏ என்னடின்னா "கிராம சபை"ன்னு பட்டுனு வரும். கிராம சபைக்குப் போயிருக்கியான்னா முழிப்பா. அவள கிண்டல் பண்றதுக்காகச் சொல்லல, அவ பயம் எனக்குத் தெரியும். போராட்டம்னு போய் ஒரு எஃப்ஐஆர்ல பேர் வந்துட்டா போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டும், கவர்மெண்ட் வேலை போச்சு, பாஸ்போர்ட் இழுக்கும், இதுதான் எங்க எல்லார் வீட்லயும் சொல்ற கணக்கு. முதல் தலைமுறையா காலேஜ் வந்த பொண்ணுக்கு அந்தக் கணக்கு பொய்யில்ல. 2017 ஜல்லிக்கட்டு கேஸ்களை வாபஸ் வாங்குறோம்னு அரசாங்கம் சொன்னதே 2021ல தான், அதுலயும் போலீஸைத் தாக்குன கேஸ் சேராது. அதுவரைக்கும் அந்தப் பசங்க என்ன பாடுபட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த இடத்துல எல்லாரும் 1965 பத்திப் பேசுவாங்க. எங்க தாத்தா கூட. ஜனவரி 26ல இருந்து இந்தி ஒரே ஆட்சிமொழின்னு ஆகப் போகுதுன்னு மதுரை, சென்னை, சிதம்பரம்னு காலேஜ் காலேஜா பசங்க இறங்குனாங்க. ஜனவரி 27 அன்னைக்கு அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்துப் போனார். ரெண்டே வருஷத்துல 1967 தேர்தல், காங்கிரஸ் ஆட்சியே போச்சு, விருதுநகர்ல காமராஜரையே மாணவர் தலைவரா இருந்த பெ. சீனிவாசன் 1285 ஓட்டுல தோக்கடிச்சார். இந்தக் கதைய எத்தனை தடவ கேட்டாலும் புல்லரிக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா ரெண்டு விஷயத்த யாரும் கவனிக்கிறதில்ல. ஒண்ணு, அன்னைக்கு ஓட்டுரிமை வயசு 21. ரோட்டுல நின்ன நிறையப் பசங்களுக்கு ஓட்டே கிடையாது. 18 ஆனது 61வது திருத்தம் வந்து 1989 மார்ச்ல தான். இன்னொண்ணு, அவங்க காலேஜ்ல தேர்தல் வெச்சு ஜெயிச்ச பேரவைத் தலைவர், செயலாளர் எல்லாம் இருந்தாங்க. ஒரு காலேஜ் தலைவர் இன்னொரு காலேஜ் தலைவரைப் போய்ப் பார்த்து குழு அமைக்க முடிஞ்சது, நாளைக்கு ஸ்ட்ரைக்னு முடிவு எடுத்தா கூட இருக்குற பசங்க கேட்டாங்க, ஏன்னா அவங்களே ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச ஆளு. அவங்களுக்கு யூனியன் இருந்துச்சு, ஓட்டு இல்ல. எங்களுக்கு ஓட்டு இருக்கு, யூனியன் இல்ல.

அதனால என்ன ஆகுதுன்னா நாங்க ஒண்ணு சும்மா இருப்போம், இல்லன்னா ஒரேயடியா வெடிப்போம். நடுவுல ஒண்ணும் தெரியாது. 2013 மார்ச்ல ஈழப் பிரச்சனைக்காக லயோலா காலேஜ் பசங்க சில பேர் உண்ணாவிரதம் உக்காந்தாங்க, அது அப்படியே தமிழ்நாடு பூரா பரவிச்சு, கவர்மெண்ட் காலேஜுக்கெல்லாம் லீவு விட்டுச்சு, மார்ச் 19ல திமுக மத்திய ஆட்சியில இருந்தே வெளிய வந்துச்சு. எவ்ளோ பெரிய விஷயம்! ஆனா லீவு விட்டு ஹாஸ்டலை மூடுனதும் பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, திரும்பி வந்தப்ப எக்ஸாம். அதைத் தொடர்ந்து நடத்த ஒரு அமைப்பு இல்ல.

2017 மெரினா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நான் அப்ப ஸ்கூல்தான், டிவில பார்த்தது. செல்ஃபோன் டார்ச் வெளிச்சம், குப்பையை அவங்களே அள்ளுனது, பொண்ணுங்க ராத்திரி பயமில்லாம அங்கேயே தங்குனது, இதெல்லாம் நெஜமாவே பெருமைப்பட வேண்டியது. அரசியல்வாதி யாரையும் மேடையேத்தல, தலைவர் இல்லாத போராட்டம்னு பெருமையா சொன்னாங்க. எனக்கு அந்தப் பெருமைல தான் ஒரு உறுத்தல். ஜனவரி 21ல ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்துருச்சு. இது போதுமா, நிரந்தரச் சட்டம் வர்ற வரைக்கும் இருக்கணுமா, யார் முடிவு பண்றது? சில பேர் போதும்னாங்க, சில பேர் இல்லன்னாங்க, அவங்க அவங்க செல்ஃபோன்ல அவங்க அவங்க கருத்து, மொத்தக் கூட்டத்துக்கும் பேச உரிமை உள்ள ஆளு ஒருத்தர் கூட இல்ல, ஏன்னா யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கல. 23ஆம் தேதி காலைல போலீஸ் அடிச்சுக் கலைச்சுது, அன்னைக்கு சாயங்காலமே சட்டசபைல மசோதா நிறைவேறுச்சு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா யாருக்கும் மண்டை உடைஞ்சிருக்காது. போலீஸ் பண்ணது தப்புதான், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா லட்சம் பேர் கூடுற இடத்துல ஒரு பத்துப் பேர் கமிட்டி போட்டு ஓட்டெடுப்பு நடத்தி முடிவெடுக்குற பழக்கம் எங்க கிட்ட இல்லாததும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. திட்டுறவங்க திட்டிக்கோங்க.

அந்தப் பழக்கம் எங்க வரணும்? காலேஜ்ல தான வரணும். தேர்தல் வெச்சா அடிதடி ஆகும், ஜாதி வரும், கட்சிக்காரன் உள்ள வருவான்னு சொல்றாங்க. இந்தப் பயம் புதுசு இல்ல, கேரளாவுல இருந்து போன ஒரு கேஸ்ல தான் சுப்ரீம் கோர்ட் சொல்லி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமைல கமிட்டி போட்டாங்க, 2006 செப்டம்பர்ல அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தணும்னு கோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. அதுல என்னெல்லாம் இருக்கு தெரியுமா, ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது, அச்சடிச்ச போஸ்டர் கூடாது கையால எழுதுனது தான், 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இருக்கணும், அந்த வருஷம் அரியர் இருக்கக்கூடாது (எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இங்கயே அவுட்), நாமினேஷன்ல இருந்து ரிசல்ட் வரைக்கும் 10 நாளைக்குள்ள முடிக்கணும், கட்சிக்காரங்க தலையிடக் கூடாது. பதவிகளுக்கு நியமனம் பண்ற முறைய பத்தியும் சொல்லியிருக்காங்க. நிலைமை சரியில்லாத காலேஜ்ல தற்காலிகமா வெச்சுக்கலாம், ஆனா மார்க்கை மட்டும் வெச்சு நியமிக்காதீங்க, அஞ்சு வருஷத்துக்குள்ள தேர்தல் முறைக்கு மாறிடுங்கன்னு. அஞ்சு வருஷம்னா 2011. நான் அப்ப ஒண்ணாங்கிளாஸ் கூட முடிக்கல.

இத பிரிண்ட் எடுத்துக்கிட்டு எங்க டிபார்ட்மெண்ட் தலைவர், அதான் ஹெச்.ஓ.டி., அவர்கிட்ட நானும் இன்னும் ரெண்டு பேரும் போனோம். அவர் நல்ல மனுஷன். படிச்சுப் பார்த்துட்டு "காலேஜ் பத்தி நான் பேச முடியாது, உங்க கிளாஸ் ரெப்பை வேணா நீங்க ஓட்டு போட்டு எடுத்துக்கோங்க, சத்தம் வரக்கூடாது"ன்னார். நோட்டு பேப்பரைக் கிழிச்சு சீட்டு, டஸ்ட்பின்னைக் கழுவி ஓட்டுப் பெட்டி. மூணு பேர் நின்னாங்க. அப்பதான் நடந்துச்சு அந்த விஷயம், யார் எந்த ஊரு, யார் என்ன ஆளுங்கன்னு பின்னாடி பெஞ்சுல கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. ஒரு பையன் வந்து எங்கிட்டயே "நீங்க அந்தப் பக்கம் தானே"ன்னு கேட்டான். ரெண்டு வருஷமா கூட படிக்கிறவன். எனக்கு உடம்பே கூசிப் போச்சு. சார் பயந்தது சரிதானோன்னு அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன்.

அப்புறம் யோசிக்க யோசிக்க வேற மாதிரி தெரிஞ்சுது. தேர்தல் வந்ததால ஜாதி வரல, கையில கட்டுற கயிறு கலர்ல அது தேர்தலுக்கு முன்னாடியே எங்க கிளாஸ்ல இருந்துச்சு. சென்னைல யூனியன் இல்லாத இடத்துல ரூட் தலன்னு பஸ்ஸுக்கு ஒரு தலைவன் வரான்ல, அவனை யார் தேர்ந்தெடுத்தா? தேர்தலே இல்லாம போனா தலைவன் இல்லாம போயிடுறதில்ல, கை ஓங்குனவன் தலைவன் ஆயிடுறான். எங்க கிளாஸ்ல என்ன ஆச்சுன்னா எந்த ஆளுங்க கணக்குப் போட்டாலும் அந்த ஓட்டு மட்டும் வெச்சு ஜெயிக்க முடியாது, பொண்ணுங்க ஓட்டு வேணும், டே ஸ்காலர் ஓட்டு வேணும், அதனால மூணு பேருமே இதுவரைக்கும் பேசாதவங்க கிட்ட எல்லாம் போய் என்ன பிரச்சனைன்னு கேட்க வேண்டியதாப் போச்சு. பொண்ணுங்க டாய்லெட்ல தாழ்ப்பாள் இல்லன்னு ஒரு பையன் முதல் தடவையா அன்னைக்குத் தான் தெரிஞ்சுக்கிட்டான், வாக்குறுதியா சொன்னான், அவன்தான் ஜெயிச்சான், மார்க் லிஸ்ட்ல கடைசில இருந்து எண்ணுனா சீக்கிரம் வருவான். தாழ்ப்பாள் வந்துருச்சு. அதுக்கு மேல அவன் ஒண்ணும் கிழிக்கல, அதையும் சொல்லிடணும். ஆனா அடுத்த வருஷம் அவனை மாத்தலாம்ல.

பெரிய தேர்தல் பக்கம் வரேன். 2024 ஏப்ரல் 19 என் முதல் ஓட்டு. ஊர் பெரம்பலூர் பக்கம், படிக்கிறது திருச்சி. ஹாஸ்டல் பசங்களுக்கு ஒரு தகவல், படிவம் 6ல பேர் சேர்க்கும்போது சொந்த ஊரோ ஹாஸ்டல் முகவரியோ எது வேணும்னாலும் எடுத்துக்கலாம், ஹாஸ்டல்னா இங்க படிக்கிறோம்னு காலேஜ்ல போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்கணும், ரெண்டு இடத்துலயும் வெச்சுக்கத்தான் கூடாது. 17 வயசு முடிஞ்சாலே முன்கூட்டியே அப்ளை பண்ணலாம், முன்ன மாதிரி ஜனவரி 1 மட்டும் கணக்கு இல்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ம் உண்டு. எங்க கோலம் போடுற என்எஸ்எஸ் இத எங்கயும் எழுதிப் போட்டு நான் பார்க்கல. நான் ஊரையே வெச்சுக்கிட்டேன், அம்மா கூட போய் ஓட்டுப் போடணும்னு ஆசை. தமிழ்நாட்டுல அன்னைக்கு 69.72 சதவீதம். மத்திய சென்னைல 54 தாண்டல, எங்க ஊர்ல ஆயாவைக் கட்டில்ல தூக்கிட்டு வராத குறை.

ஆனா உள்ளாட்சி ஓட்டு இன்னும் நான் போடவே இல்ல. 27 மாவட்டத்துல ஊராட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2019 டிசம்பர். நான் அப்ப யூனிஃபார்ம்ல இருந்தேன். 2025 ஜனவரியோட அவங்க பதவிக்காலம் முடிஞ்சுது, அதுக்கப்புறம் தனி அலுவலர் ஆட்சி. 2016ல இருந்து 2019 வரைக்கும் கூட இதே கதைதான். டெல்லிக்கு யார் போகணும்னு என்னைக் கேட்டாங்க, எங்க தெரு பைப்புக்கு யார் பொறுப்புன்னு கேட்கல. ஊராட்சித் தேர்தல்ல 21 வயசுலயே நிக்கலாம், சட்டசபைக்குத் தான் 25. திருவனந்தபுரத்துல ஆர்யா ராஜேந்திரன் 2020ல 21 வயசுல மேயர் ஆனாங்க, சென்னைல 2022ல 98வது வார்டுல பிரியதர்ஷினி அதே வயசுல கவுன்சிலர். ஆர்யா மாணவர் அமைப்புல இருந்து வந்தவங்க, அங்க காலேஜ்ல தேர்தல் நடக்குது. நான் நிக்கப் போறேன்னு இல்ல, நின்னா எங்க அம்மா சோறு போட மாட்டாங்க. ஆனா நிக்கறதுக்குத் தேர்தல்னு ஒண்ணு நடக்கணும்ல.

தேர்தல் இல்லன்னாலும் கிராம சபை இருக்கேன்னு ஆகஸ்ட் 15 லீவுக்கு ஊருக்குப் போனப்ப போனேன். ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா போதும், நாமளும் உறுப்பினர். முன்ன வருஷத்துக்கு நாலு, 2022ல இருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. போனா எல்லாம் நூறு நாள் வேலை பொம்பளைங்க, அட்டெண்டன்ஸ் மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு மரத்தடில உக்காந்திருக்காங்க. ஒரு பெரியவர், எனக்குத் தாத்தா முறை, "ஏம்மா, ஒங்கப்பன் வரலையா, நீ எதுக்கு வந்த?"ன்னார். "எனக்கும் ஓட்டு இருக்கு தாத்தா"ன்னேன். "அது சரி, உக்காரு"ன்னு பெஞ்சுல இடம் விட்டார்.

ஊராட்சி செயலர் தீர்மானம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சார். எங்க ஊராட்சி மாதிரி மூவாயிரம் ஜனத்தொகை தாண்டுனா 200 பேர் இருந்தாதான் கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய ஆள் கணக்கு, அங்க இருந்தது அதுல பாதி இருக்கும், ஆனா நோட்டுல கையெழுத்து நிறைய இருந்துச்சு. நூலகம் சாயங்காலம் தொறக்கிறதே இல்ல, ஸ்கூல் முடிஞ்சு வர்ற பிள்ளைங்களுக்கு எப்படிப் பயன்படும்னு எழுந்து கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க, கை நடுங்குச்சு. நூலகம் எங்க கண்ட்ரோல்ல வராதும்மா, அது நூலகத் துறைன்னார். அது நெஜந்தான். ஆனா கிராம சபை கோரிக்கையா தீர்மானம் போட்டு அனுப்பலாம்ல சார்னேன், ரூம்மேட் சொல்லிக் குடுத்த பாயிண்ட். பற்றாளரா, அதாவது கூட்டத்தைப் பார்க்க அனுப்புன அதிகாரியா வந்திருந்த மேடம் "எழுதிக்கோங்க"ன்னு சொன்னாங்க. எழுதுன பிறகு படிச்சுட்டுத் தான் கையெழுத்துப் போடுவேன்னு நின்னேன், எனக்குப் பின்னாடி ரெண்டு அக்காங்களும் "எங்களுக்கும் வாசிச்சுக் காட்டு"ன்னு நின்னுட்டாங்க. செயலருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நூலகம் இன்னும் சாயங்காலம் தொறக்கல. எங்க அம்மாவுக்கு மட்டும் ஒரு வாரம் அக்கம்பக்கத்துல விசாரணை, உம் பொண்ணு கட்சில சேர்ந்துட்டாளான்னு.

மெஸ்ல இந்தக் கதையைச் சொன்னப்ப தான் ஒரு ஜூனியர் பொண்ணு ஃபீஸ் ரசீதை எடுத்துக் காட்டுனா. அதுல லைப்ரரி, ஸ்போர்ட்ஸ் எல்லாத்துக்கும் கீழ "மாணவர் பேரவை"ன்னு ஒரு வரி, சின்னத் தொகை தான், ஆனா காலேஜ்ல இருக்குற எல்லாருக்கும் பெருக்கிப் பாருங்க. தேர்தலே நடக்காத பேரவைக்கு வருஷா வருஷம் காசு. எங்களது அரசு உதவி பெறும் காலேஜ், அதனால தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், முப்பது நாள்ல பதில் சொல்லணும். கடந்த மூணு வருஷம் எவ்ளோ வசூல், எதுக்கு செலவு, பேரவைக்கான விதிமுறை நகல், கடைசியா தேர்தல் நடந்த வருஷம், இந்த நாலு கேள்வி.

அமைப்பு பேர்ல போட்டா திருப்பி அனுப்ப சாக்கு கிடைக்கும், தனி ஆளாத் தான் போடணும். யார் பேர்ல போடுறதுன்னு பெரிய வாக்குவாதம். சேரும்போது போட்ட அந்தக் கையெழுத்தைக் காட்டி டிசி குடுத்துடுவாங்களோன்னு ஒருத்தி. இன்டர்னல் மார்க்ல கை வெப்பாங்கன்னு இன்னொருத்தி, அது நடக்கும், அத நான் மறுக்கல. ரூம்மேட் தான் சட்டம் போட்ட தேதில இருந்து எடுத்து வெச்சுப் பேசுனா, தகவல் கேட்கிறது போராட்டம் ஆகாது, ஏன் கேட்கிறேன்னு காரணம் சொல்லணும்னு கூட அவசியம் இல்லன்னு. அப்ப நீ போடுடின்னாங்க. "எனக்கு குரூப் 2 இருக்கு"ன்னுட்டா. கடைசில சீட்டு எழுதி ஓட்டெடுப்பு வெச்சோம், என் பேர் வந்துச்சு, ட்ராஃப்ட் மட்டும் அவ எழுதிக் குடுத்தா. திங்கக்கிழமை ரெஜிஸ்டர் போஸ்ட்ல போகுது. பதில் வந்தா அப்படியே இங்க போடுறேன், வரலன்னா மேல்முறையீடு எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.